நாலாம் பக்கத்தில் ஒரு கருமாதி

1943-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் தேதி, புதன்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் காலை மணி பத்தரை. ஜப்பான்காரர்கள் வந்து முள்ளைத் திருப்பிவைப்பதற்கு முன்னிருந்த கணக்கில் அது ஒன்பது. மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது; ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. காய்ச்சலுக்காக நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். என் அக்கா குழாயடியிலிருந்து பாதி வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, தான் சயாமுக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

என் அக்காவின் கணவரை நான் மச்சான் என்று அழைப்பேன். ஜெலாப்பாங்கைத் தாண்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். சண்டை வந்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போனதோடு ரப்பரை வாங்குவதற்கும் ஆளில்லாமல் போயிற்று. அந்த ஆண்டு ஏப்ரலில் தோட்டத்துக்கு லாரிகள் வந்தன. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு தனி என்றார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து இருபத்தாறு ஆண்கள் ஏறினார்கள். சிலர் தாங்களாக ஏறினார்கள், சிலரை ஏற்றினார்கள். ஈப்போவில் வந்துகொண்டிருந்த எங்கள் தமிழ்ப் பத்திரிகை இருபத்தாறு பேரையும் தொண்டர்கள் என்று எழுதியது. லயத்தில் தனியாக இருக்க முடியாமல் அக்கா என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் நகரக் குடிநீர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மூன்று மாதம் முடிந்து, மேலும் நான்கு மாதம் கடந்திருந்தது.

அந்தப் பத்திரிகையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. புதன், சனி என்று வாரம் இரண்டு நாள் வரும், நாலே பக்கம். சண்டை தொடங்கிய மாதத்தில் அது வெள்ளைக்காரனின் கோட்டைகளை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியது. ஆறு வாரம் கழித்து அதே அச்சில், அதே பெரிய எழுத்தில், ஓடிப்போன கோழைகள் என்று எழுதியது. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆசிரியர். அரிசிக் கடைக்குள் யாரோ ஒருவன் அரைக் கட்டி எடைச் சீனி திருடினால் அவன் தகப்பன் பெயர் வரைக்கும் போடும். மைதானத்தில் நாற்பது கோடி இந்தியருக்கு விடுதலை என்று கூட்டம் நடந்தால் முதல் பக்கம் முழுவதும் போடும். அந்த நாற்பது கோடியில் எங்கள் இருபத்தாறு பேர் எங்கே என்று மட்டும் அது ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு அதைப் படித்தால் வயிறு எரியும். ஆனாலும் ஓர் இதழ் விடாமல் படித்தேன்.

எங்கள் தெருவில் பத்திரிகையைப் பெரும்பாலோர் கேட்கத்தான் செய்தார்கள். குழாயடிக்கு எதிரே ஒரு முடிதிருத்தும் கடை. அதன் முன்னாலிருந்த, கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் பெட்டி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, வேலை போன ஒரு தபால்காரர் உரக்கப் படிப்பார். கடைக்குள் முடி வெட்டிக்கொள்பவரும் குழாயடியில் வரிசை நிற்கும் பெண்களும் கேட்பார்கள். கடைக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலாம் பக்கத்துக் கருமாதி விளம்பரம் படிக்கப்படும்போது கத்தியை முகத்திலிருந்து எடுத்துவிடுவார். படித்து முடிக்கும்வரை, பாதி மீசையோடு இருப்பவரும் காத்திருக்க வேண்டியதுதான். மற்ற எந்தச் செய்திக்கும் அவர் கை நின்றதில்லை. ரங்கூனில் நடந்த குண்டுவீச்சுக்கும் நிற்கவில்லை.

அன்று காலை தபால்காரர் படித்தது முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த செய்தி. சயாமில் நம் தொழிலாளர் அனைவரும் நலம், மூன்று வேளை உண்கிறார்கள், மாலையில் பாடுகிறார்கள். எங்கள் தோட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. கணவரோடு சேர விரும்பும் பெண்கள் பதிந்துகொள்ளலாம், திங்கட்கிழமை காலையில் இலவச ரயில்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்பே மச்சான் இறந்துவிட்ட செய்தி எனக்கு வந்திருந்தது. அவரோடு லாரியில் ஏறியவர்களில் ஒருவன் சயாமிலிருந்து தப்பி, சீனர்களின் மீன் படகில் கரையோரமாக வந்து, சித்தியவானில் இறங்கி, கருவாட்டு லாரியில் ஈப்போவுக்கு வந்து ஒளிந்திருந்தான். கால்களில் புண். ஆடி மாதத்தில் மச்சான் வாந்திபேதியில் போய்விட்டார் என்றும், தானே விறகு அடுக்கி எரித்ததாகவும் சொன்னான். அன்றே அவனை அக்காவிடம் அழைத்துப்போனேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். காரணம் உண்டு. லயத்தில் அவனைப் புளுகன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தோட்டத்துல புலி வந்திருச்சுன்னு நாலு தடவ எல்லாரையும் மரத்துல ஏத்துனவன் இவன்" என்றாள். "இவன் சொல்லி நான் தாலியக் கழட்டணுமா?"

அந்தக் கோபம்தான் புதன்கிழமையும் இருந்தது.

"அக்கா, அவன் புளுகன்தான். ஆனா கால் புண்ணைப் பாத்தியா? அது புளுகா?"

"பேப்பர்ல போட்டிருக்குலா. நம்ம தோட்டத்துப் பேரே போட்டிருக்கு. கவர்மெண்டு பேப்பரு."

"பேப்பர்ல எழுதறவனும் புளுகலாம்."

"அவரு படிச்சவரு. புளுகன் படிச்சானா?" என்றாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "சரி, நீயும் படிச்சவன்தானே. செத்துட்டார்னு பேப்பர்ல போடச் சொல்லு. போட்டா நான் போகல. அதுவரைக்கும் என் வாயைக் கிளறாத."

அன்று பிற்பகலே போய்ப் பதிவு அலுவலகத்தில் விரலை உருட்டிவிட்டு வந்தாள். வரும்போது கட்டைவிரல் நீலமாக இருந்தது.

எனக்கு இருந்த நாள் மூன்று. புதன் போயிற்று. சனிக்கிழமை இதழை விட்டால் திங்கட்கிழமைக்குள் வேறு இதழ் கிடையாது. வியாழக்கிழமை காய்ச்சலோடு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தேன்.

அச்சுக்கூடம் கீழே, ராணுவத்தின் தணிக்கை அலுவலகம் மேல்மாடியில். ஆசிரியர் ஒரு பிழைதிருத்தும் தாளை விரித்து, அதன்மேல் அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர், சட்டைக் காலரில் மட்டும் கஞ்சி போட்டிருந்தார்.

"என்ன தம்பி, கவிதையா? கவிதைன்னா இடமில்ல."

"திருத்தம் ஐயா."

"திருத்தமா? நாங்க தப்பே போடறதில்லையே."

நேற்றைய கட்டச் செய்தியை அவர் முன் வைத்தேன். அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் ஆடியில் இறந்துவிட்டார், அவர் என் மச்சான், அதைப் போடுங்கள் என்றேன்.

"யாரு சொன்னா?"

"கூடப் போய்த் திரும்பி வந்தவர்."

"அப்படி யாரும் திரும்பி வரலியே. வந்திருந்தா நாங்க போட்டிருப்போம்ல."

"வந்திருக்கார் ஐயா."

"சாவுக்குச் சர்டிபிகேட்டு இருக்கா?"

"சயாம் காட்டுல யாரு குடுப்பா?"

"அப்பப் போட முடியாது தம்பி. பொறுப்பான பத்திரிகை இது. ஆதாரம் இல்லாம ஒரு மனுசனைச் சாவடிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"ஆதாரம் இல்லாம இருபத்தாறு பேரை உசுரோட வச்சிருக்கீங்களே. அவங்க நல்லா இருக்காங்கன்னு சர்டிபிகேட்டு குடுத்தது யாரு?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணை மேலே தூக்கி மச்சைப் பார்த்தார். மேல்மாடியில் யாரோ பூட்ஸ் காலோடு நடக்கும் சத்தம் கேட்டது. சத்தம் போன பிறகு கிழங்கை விழுங்கிவிட்டு, "சத்தமாப் பேசாதீங்க" என்றார். அவ்வளவுதான். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேனோ என்னவோ.

நான் அதே இதழின் நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வட்டிக்கடைக்காரரின், பினாங்கில் இறந்த சித்தப்பாவுக்குக் கறுப்புக் கரை போட்டு, கால் பக்கத்துக்கு விளம்பரம் இருந்தது.

"இவருக்குச் சர்டிபிகேட்டு பாத்தீங்களா ஐயா?"

"அது விளம்பரம்."

"செய்திக்கு மட்டும்தான் ஆதாரம் வேணுமா? விளம்பரத்துக்கு?"

"விளம்பரத்துக்குக் காசுதான் ஆதாரம்" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது.

"அப்ப ஒண்ணு எழுதிக்குங்க" என்றேன்.

பேரம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்தது. வரிக்கு இரண்டு வெள்ளி. கறுப்புக் கரை வேண்டுமென்றால் ஐந்து வெள்ளி தனி. முதல் மூன்று பக்கத்தையும் மேல்மாடியில் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துப் பார்ப்பார்கள். நாலாம் பக்கத்தை, தைலம், தையல்கடை, ஜாதகம், சாவு என்று தலைப்பை மட்டும் கேட்டுவிட்டு முத்திரை குத்துவார்கள். அதனால் எதையும் எழுதலாம் என்று அர்த்தமில்லை என்றார் ஆசிரியர். சயாம் கூடாது. ரயில் கூடாது. நோயின் பெயர் கூடாது.

"அப்ப எங்க செத்தார்னு போடறது?"

"வெளியூர்னு போடுங்க. வெளியூர்ல சாகறது குத்தமில்ல."

தோட்டத்தின் பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் அதற்கு ஒப்புக்கொண்டார். அடுத்து வருடத்தில் சிக்கிக்கொண்டோம். இங்கிலீஷ் வருடம் போடக்கூடாது, ஜப்பான் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று என்றுதான் போட வேண்டும், உத்தரவு என்றார்.

"அந்த வருசத்துல செத்தார்னா நாங்க கருமாதிக்கு இன்னும் அறுநூத்தி அறுபது வருசம் காத்துக்கிடக்கணுமே ஐயா."

கிழங்கு அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தமிழ் வருசம் போட்டுக்குங்க. அது மேல இருக்கறவனுக்குத் தெரியாது" என்றார்.

எட்டு வரி வந்தது. இன்ன தோட்டத்திலிருந்த இன்னார், சுபானு வருடம் ஆடி மாதம் வெளியூரில் சிவபதம் அடைந்தார். செய்தி இப்போதுதான் கிடைத்தபடியால் இன்றிலிருந்து பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, புந்தோங்கில் கருமக்கிரியை நடைபெறும். உற்றார் உறவினர் இதையே நேரில் வந்து சொன்னதாக ஏற்க வேண்டும். கீழே, வழக்கப்படி, மனைவி, மக்கள் என்று போட வேண்டும். பிள்ளைகள் இல்லை. அக்கா பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை. மைத்துனர் என்று என் பெயரை மட்டும் போட்டேன். கறுப்புக் கரையும் வேண்டும் என்றேன். பால் வெட்டியவருக்குக் கரை எதற்கு என்பதுபோல ஆசிரியர் பார்த்தார். ஐந்து வெள்ளியை எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்னேன். மறைத்துவைத்து, குழாயடியில் அவள் காதில் அது திடீரென்று விழுவது எனக்குச் சரியென்று படவில்லை.

"போடு, பாப்போம்" என்றாள். "போட மாட்டாங்க. அவரு உசுரோட இருக்காரு, எப்படிப் போடுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே மச்சானின் இரண்டு வேட்டியை மடித்து மூட்டையில் வைத்தாள். சயாமில் துணி கிடைக்காதாம்.

சனிக்கிழமை வெயில். தபால்காரர் முதல் பக்கத்தைப் படித்தார், உள்பக்கங்களைப் படித்தார், தாளைத் திருப்பினார். கத்தி நின்றது. தோட்டத்தின் பெயரைப் படித்தபோதே குழாயடியில் பேச்சு அடங்கிவிட்டது. மச்சானின் பெயரைப் படிக்கும்போது தபால்காரரின் குரல் இறங்கியது. அவருக்கு எங்களைத் தெரியும். அக்காவின் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடியது பின்னால் நின்ற பெண்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் பின்னாலேயே வந்தேன்.

"காசு குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எவ்வளவு?"

"இருபத்தோரு வெள்ளி."

"அன்னைக்குப் போட்டது அவங்களாப் போட்டது. இது நீ காசு குடுத்துப் போட்டது. இதை எப்படி நம்பறது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள்; அவிழ்க்கிறாள் என்று நான் நினைத்தேன். ஒரு வேட்டியை எடுத்து உதறி, மறுபடி மடித்து, மறுபடி கட்டினாள்.

அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இருபத்தொரு வெள்ளி போனது மட்டும் நினைவிருந்தது. ஒரு மாதச் சம்பளம் நாற்பத்தைந்து. ஆசிரியர் சிரித்திருப்பார் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் தெருவில் பெண்கள். ஜெலாப்பாங் பாதையில் விடியுமுன் புறப்பட்டு நடந்து வந்திருக்கிறார்கள். பதினேழு பேர். எல்லாரும் அக்காவின் லயத்துக்காரிகள். எல்லார் வீட்டு ஆணும் அந்த ஏப்ரலில் லாரியில் போனவர். துக்கம் கேட்க வந்தவர்கள்போல வரிசையாக உள்ளே வந்து அக்காவின் கையைப் பிடித்தார்கள். ஆனால் அழவில்லை. முதலில் வந்தவள் கேட்டாள்:

"அக்கா, யாரு வந்து சொன்னா? எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் போய்ப் புளுகனை அழைத்து வந்தேன். பயந்துகொண்டே வந்தான். பின்கட்டில் பலகைமேல் உட்கார வைத்தோம். அவனைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர், "இவனா!" என்றார்கள்.

"நான்தான். புலிக்காரன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அவன் எதையும் சொல்லத் தொடங்குவதற்குள் அக்கா எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள்.

"அவரை எரிச்சியா, பொதச்சியா?"

அவன் என்னைப் பார்த்தான். என்னிடம் எரித்ததாகச் சொல்லியிருந்தான்.

"என் தம்பியைப் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு."

"மழைக்கா" என்றான். "விறகெல்லாம் ஊறிப்போச்சு. பத்திக்கல. ஒரே குழிதான். அவரோட இன்னும் நாலு பேரு. மேல போட மண்ணுகூடச் சேறாத்தான் இருந்துச்சு. தம்பிகிட்ட எரிச்சேன்னு சொன்னது பொய்யிக்கா. சொல்ல வாய் வரல."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் நம்பாதவள் அதை நம்பிவிட்டாள். பிறகு ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "புளுகறவன் நல்லதாத்தான் புளுகுவான். அந்தப் பேப்பரைப் பாரு, எல்லாம் நல்லதாவே போட்டிருந்தான்" என்றாள். அதற்குமேல் விளக்கவில்லை.

அதன்பிறகு அவன் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னான். யாரை எங்கே கடைசியாகப் பார்த்தான், யாரைப் பற்றித் தெரியாது என்று சொன்னான். தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொன்னான். அந்தப் பெண்களில் பதினொருவர் பேர் பதிந்திருந்தார்கள். மறுநாள் காலையில் ரயில். பதிந்துவிட்டுப் போகாவிட்டால் வீட்டுக்கு வந்து பிடித்துப் போவார்கள் என்று ஒருத்தி நடுங்கினாள். என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு விண்ணப்பம் எழுதலாமா, மருத்துவச் சீட்டு வாங்கலாமா என்று ஒரு படித்தவனுக்குத் தோன்றுவதெல்லாம் தோன்றிற்று.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தீட்டுக்காரி எப்படிலா ரயிலேறுவா?" என்றாள். "பதினாறு நாள் பேப்பர்ல போட்டிருக்கு. அதுவரைக்கும் நான் வாசப்படி தாண்டி ஊருக்குப் போகக்கூடாது. நீங்கள்லாம் எனக்குப் பங்காளிங்கதானே?"

"நான் உங்க சாதியே இல்லியேக்கா" என்றாள் ஒருத்தி.

"இன்னைக்குப் பங்காளி. நாளைக்குப் பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை காலை, தூறல். ரயில் நிலையத்துக்கு முன்னால் மூட்டை இல்லாமல், தலையை முடியாமல், அக்காவும் பதினோரு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். பதிவுப் புத்தகத்தோடு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ் இளைஞன் கூட வந்தான். மூட்டை எங்கே என்று கேட்டான். நான் சனிக்கிழமை இதழின் நாலாம் பக்கத்தை நீட்டினேன். தீட்டு என்றால் என்ன என்பதை அந்த இளைஞன் அவனுக்கு எப்படிச் சொன்னானோ தெரியாது, நெடுநேரம் சொன்னான். அதிகாரி ஏதோ கேட்டான்.

இளைஞன் எங்களிடம் திரும்பினான். "இத்தனை பேருக்கும் ஒரே சாவான்னு கேக்கறாரு."

"ஆமா தம்பி" என்றாள் அக்கா. "ஒரே லயம். ஒரே லாரி. ஒரே சாவு. அப்படியே சொல்லு."

அவன் அக்காவை ஒரு கணம் பார்த்தான். பிறகு அதை அப்படியே சொன்னானா, வேறு மாதிரி சொன்னானா, எனக்கு அந்த மொழி தெரியாது. அதிகாரி தாளைத் திருப்பி, என்ன போட்டிருக்கிறது என்று இளைஞனைக் கேட்டுப் பார்த்தான். முன்பக்கத்தில் மறுபடியும் தொழிலாளர் நலம். பின்பக்கத்தில் கறுப்புக் கரை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தணிக்கை பார்த்தது என்று அவர்களுடைய அலுவலகமே ஜப்பான் எழுத்தில் போட்ட வரி. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு சற்று நின்றான். அதைப் பொய் என்று சொன்னால் முன்பக்கத்தையும் பொய் என்று சொன்னதாகும். தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். பதினாறு நாள் கழித்து வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். ரயில் போயிற்று. வேறு தோட்டத்துப் பெண்கள் அதில் போனார்கள். அதையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. அக்கா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை இதழில், நாலாம் பக்கத்தில் அதே தோட்டத்து ஆள் ஒருவருக்கு வெளியூர்ச் சாவு விளம்பரம் வந்தது. பதினேழு பெண்களும் காசு சேர்த்துக் கொடுத்தது. தீட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அது முடியுமுன் அடுத்தது. பிறகு வேறு தோட்டத்துக்காரர்களும் கேள்விப்பட்டுப் போட ஆரம்பித்தார்கள். ஆசிரியர் வரிக்கு மூன்று வெள்ளியாக ஏற்றினார். முன்பக்கத்தில் சயாமில் எல்லாரும் நலமாக இருந்தார்கள். பின்பக்கத்தில் வெளியூரில் எல்லாரும் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தாள்தான், ஒரே மைதான். கடைக்காரர், "இப்படிக் கத்தியை எடுத்து எடுத்து வச்சா நான் எப்பத்தான் செரைக்கறது?" என்று முணுமுணுத்தார். ஆனால் ஒரு முறைகூட எடுக்காமல் இருக்கவில்லை.

மாசி மாதத்தில் மேல்மாடிக்கு விஷயம் எட்டியது. சாவு விளம்பரம் இனி இல்லை என்று ஆகி, அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் விளக்கு விளம்பரம் வந்தது. ஆனால் அதற்குள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பேர் பதிவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். விரலை உருட்டிவிட்டு வந்தவர்களுக்கும் வீட்டில் தீட்டு இருந்தது.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்த பிறகு அதே ஆசிரியர் முதல் பக்கத்தில், சயாமுக்குப் போனவர்கள் எதிரிக்கு உழைத்தவர்கள் என்ற தொனியில் ஒன்று எழுதினார். நான் மறுபடி போய்த் திருத்தம் கேட்டேன். ஆதாரம் கேட்டார். அவருடைய பழைய நாலாம் பக்கங்களைக் கட்டாகக் கொண்டுபோய் மேசையில் போட்டேன். பத்து நாள் கழித்து இரண்டாம் பக்கத்தில் ஐந்து வரி வந்தது, காசு வாங்காமல். ஐந்து வரி போதாது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் வந்திராது. இப்போது வேறு பத்திரிகைகள், வேறு கட்சிகள். மந்திரி வீட்டு நாய்க்குட்டிக்கு முதல் பக்கம், தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி. பத்திரிகையை நான் இன்றும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிக்கிறேன். கடிதமும் எழுதுகிறேன். பெரும்பாலும் போடுவதில்லை. மறுபடி எழுதுகிறேன்.

அக்கா சயாமுக்குப் போகவில்லை. என்னோடு புந்தோங்கிலேயே இன்னும் முப்பத்தோரு ஆண்டு இருந்தாள். அதற்கு எனக்கு ஆன செலவு: விளம்பரத்துக்கு இருபத்தொரு வெள்ளி, கருமாதிச் சோற்றுக்கும் சடங்குக்கும் முப்பத்து நான்கு வெள்ளி தொண்ணூறு காசு, வேலைக்குப் போகாத ஐந்து நாளுக்குப் பிடித்த சம்பளம் ஏழரை வெள்ளி. மொத்தம், ஜப்பான் நோட்டில், அறுபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு.